புல்வெட்டி வண்டியில் நாற்பது இடது திருப்பம்

நாகலக்ஷ்மிக்கு அமெரிக்காவில் வலது பக்கம் ஒன்றுதான் தெரியும். இடது பக்கம் என்று இன்னொன்று இருப்பதை அவள் நாலு வருஷமாக ஒப்புக்கொள்ளவே இல்லை.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. கோபிச்செட்டிப்பாளையத்தில் கல்லூரிக்கு மொபெட்டில் போய் வந்தவள்தான். அங்கே இடது பக்கம் திரும்புவது மூக்கைச் சொறிவது மாதிரி, யோசிக்காமல் செய்கிற காரியம். வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகிற நியூ ஜெர்ஸியில் அதே இடது பக்கம் திரும்ப, சந்தியின் நடுவில் போய் நின்று, எதிரே வருகிற கார்களுக்கு இடையில் ஒரு சந்து பார்த்து, 'இப்போ' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு குறுக்கே பாய வேண்டும். அந்த 'இப்போ' அவளுக்கு வரவே வராது.

லைசென்ஸ் டெஸ்ட்டுக்கு மூன்று தடவை போனாள். முதல் தடவை, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு வண்டியும் இல்லாமல் போகட்டும் என்று நாலு நிமிஷம் சந்தியில் காத்திருந்தாள். பின்னால் பதினோரு கார்கள் ஹாரன் அடித்தன. இரண்டாம் தடவை, அதிகாரி "லெஃப்ட்" என்றதும் வலது பக்கம் திரும்பி, மறுபடி வலது, மறுபடி வலது என்று சுற்றி அவர் கேட்ட அதே சாலைக்கு வந்து சேர்ந்துவிட்டு, பெருமையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் அட்டையில் ஏதோ நீளமாக எழுதினார். மூன்றாம் தடவை தைரியமாகக் கிளம்பிவிட்டாள். பாதி வழியில் தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. சந்தியின் நட்டநடுவில் பிரேக்கை அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரியும் கண்ணை மூடிக்கொண்டதாகச் சேனாபதி பின்னால் எல்லோரிடமும் சொன்னான். அவன் அங்கே இல்லவே இல்லை என்பது வேறு விஷயம்.

சேனாபதி அவள் புருஷன். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய புரோகிராம்களில் இரண்டாயிரமாவது வருஷம் வெடிக்கப்போகும் குண்டுகளைத் தேடிப் பிடிக்கிற வேலை. நல்ல மனுஷன். ஒரு பல்ப் மாட்டச் சொன்னால் மூன்று கடைக்குப் போய் நாலு பல்ப் வாங்கி வருவான், மாட்டுவது நாகலக்ஷ்மிதான். மூன்றாம் டெஸ்ட் முடிந்து அவள் அழுதுகொண்டு வந்து உட்கார்ந்தபோது அவன் தோளைத் தட்டிச் சொன்னான்.

"உடு அம்மிணி. உனக்கெதுக்கு இந்தத் தலைவலி? நானிருக்கறனில்ல."

அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புக்குள்ளேயே அவள் நாலு வருஷம் மூச்சு முட்டிக்கொண்டு கிடந்தாள். அவர்கள் குடியிருந்த பிரிட்ஜ்வாட்டரில் கார் ஓட்டாதவருக்குக் கால் இருந்தும் இல்லாத மாதிரி. கொத்தமல்லி வாங்க இந்தியக் கடைகள் இருக்கிற ஐசலின் போவதென்றால் சனிக்கிழமை வர வேண்டும். கோவிலுக்குப் போவதென்றால் பர்வதம் ஆண்ட்டியின் வேன் வர வேண்டும்.

பர்வதம் ஆண்ட்டிக்கு மயிலாப்பூர். இருபது வருஷமாக இங்கே இருக்கிறவர், உபகாரி. ஆனால் செய்கிற உபகாரத்தை மைக் வைத்துச் செய்கிறவர். பிரசாத வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போதுதான் கூப்பிடுவார். "நாகு, உனக்கு ரைடு வேணும்னா வெக்கப்படாம கேளும்மா. மூணு வாட்டி ஃபெயில் ஆனா என்ன, எங்காத்து நாய்க்குக்கூட நான்தான் டிரைவர்." எல்லோரும் சிரிப்பார்கள். நாகலக்ஷ்மியும் சிரிப்பாள்.

ஆனால் அவளை உலுக்கியது அதுவும் இல்லை. தொண்ணூற்றேழு மார்ச் மாதத்தில் ஒரு நாள், மூன்று வயது மகள் வெண்பாவுக்குக் காய்ச்சல் என்று நர்சரியிலிருந்து போன் வந்தது. தினம் ரயிலில் வேலைக்குப் போகிற சேனாபதி அன்று நூவர்க்கில் ஏதோ மீட்டிங்கில் இருந்தான். பர்வதம் ஆண்ட்டி வீட்டில் செய்தி பதிகிற மெஷின்தான் பேசியது. கராஜில் கார் நின்றது, சாவி ஆணியில் தொங்கியது. நாகலக்ஷ்மி சாவியைப் பார்த்தாள், செருப்பை மாற்றி ஷூ போட்டுக்கொண்டாள், நடந்தாள். மூன்று மைல். நடைபாதை இல்லாத சாலை, ஓரத்தில் அழுக்குப் பனி. ஒரு மணி பத்து நிமிஷம் ஆயிற்று. அவள் போய்ச் சேரும்போது குழந்தை கோட்டும் குல்லாயும் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, வாசல் பெஞ்சில் தூங்கிப் போயிருந்தாள். திரும்பும்போது டீச்சர்தான் தன் காரில் கொண்டுவந்து விட்டாள். அன்றைக்கு நாகலக்ஷ்மிக்கு வந்த அவமானம் டெஸ்ட்டில் தோற்றதற்காக வந்ததல்ல. தன் பிள்ளை காத்திருக்கும்போது தான் நடந்து போனோமே என்று வந்தது.

இந்த இடத்தில்தான் புல்வெட்டி வண்டி கதைக்குள் வருகிறது.

அரை ஏக்கர் தோட்டத்தோடு வீடு வாங்கும்போது, பழைய சொந்தக்காரர் பின்னால் ஒரு ஷெட்டையும் அதற்குள் ஒரு ரைடிங் மோவரையும் விட்டுப் போயிருந்தார். மேலே உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே புல் வெட்டுகிற சின்ன டிராக்டர். பன்னிரண்டு குதிரைச் சக்தி. சீட்டின் பஞ்சை எலி தின்றிருந்தது, என்ஜின் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தது. சேனாபதி அதைத் தூக்கிப் போட ஆள் தேடிக்கொண்டிருந்தான். ஏப்ரலில் புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. நாகலக்ஷ்மி ஷெட்டுக்குள் போனாள்.

அவளுடைய அப்பா கிட்டுசாமிக்குக் கோபியில் மாவு மில். கல்யாணம் ஆகும் வரை மத்தியான நேரத்தில் மில்லைப் பார்த்துக்கொண்டது அவள்தான். மிளகாய் ஒரு கல், ராகி ஒரு கல், கொத்தமல்லி ஒரு கல். பெல்ட் வழுக்கினால் சத்தத்திலேயே தெரியும். கல்லின் வேகத்தைக் கூட்டவேண்டுமானால் பெல்ட் சுற்றுகிற புல்லிச் சக்கரம் மோட்டாரில் பெரிதாகவும் கல்லில் சின்னதாகவும் வேண்டும். குறைக்கவேண்டுமானால் மாற்றிப் போட வேண்டும். பெட்ரோல் என்ஜின் அவளுக்குப் புதிதுதான். ஆனால் சுற்றுகிற எதுவும் அவளுக்கு அந்நியமில்லை.

கார்பரேட்டரைக் கழற்றிப் பார்த்தாள். பழைய பெட்ரோல் உள்ளே பிசின் மாதிரி ஒட்டிக் காய்ந்திருந்தது. ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய பூந்துடைப்பத்திலிருந்து ஒரு குச்சியை உருவி, மண்ணெண்ணெயில் நனைத்து, துளை துளையாகக் குத்தி எடுத்தாள். ஸ்பார்க் பிளக்கை மாற்றினாள். ஸ்டார்ட்டர் கயிற்றின் நாலாவது இழுப்பில் ஷெட்டே அதிரும்படி வண்டி இருமியது, புகைந்தது, ஓடியது. நாகலக்ஷ்மி ஏறி உட்கார்ந்தாள். லைசென்ஸ் தேவையில்லை. பக்கத்து சீட்டில் அட்டையோடு யாரும் இல்லை. பக்கத்து சீட்டே இல்லை.

மாலை சேனாபதி வந்தபோது புல் வெட்டி முடிந்திருந்தது. அவள் மூன்றாவது தடவையாக வெட்டின இடத்தையே வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் என்ன அம்மிணி வெட்டறே? மண்ணுதான் இருக்குது."

"சும்மா ஓட்டறனுங்க."

பக்கத்து வீட்டு லொரெய்ன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபது வயது, ஸ்கூல் பஸ் டிரைவர், கையில் எப்போதும் காபி. அடுத்த மாவட்டத்தில் ஒரு கிராமத்துத் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு அவள் தம்பிதான் தலைவர். அவர்கள் வருஷா வருஷம் செப்டம்பரில் ஒரு சந்தை நடத்துவார்கள். சந்தையில் மாடு, பூசணிக்காய், வறுத்த சோளம், அதோடு ஒரு ரேஸ். புல்வெட்டி வண்டி ரேஸ். ஜூன் மாதத்தில் ஒரு நாள் லொரெய்ன் வேலி வழியாக ஒரு தாளை நீட்டி, உன் மெஷினை வேகமாக்கிக் காட்டேன், பெண்கள் யாரும் சேர மாட்டேன் என்கிறார்கள் என்றாள்.

நாகலக்ஷ்மி தாளை இரண்டு தடவை படித்தாள். வெட்டுகிற பிளேடைக் கழற்றிவிட வேண்டும். ஹெல்மெட் போட வேண்டும். கீழே விழுந்தால் என்ஜின் தானே நின்றுபோக, சுவிட்சிலிருந்து ஒரு கயிறு மணிக்கட்டில் கட்டியிருக்க வேண்டும். பார்த்தால் புல்வெட்டி மாதிரியே இருக்க வேண்டும். பத்துச் சுற்று. கடைசியில் ஒரு வரி அவள் கண்ணில் நின்றது: ஓட்டுநர் உரிமம் தேவையில்லை.

அன்று சாயங்காலமே டெஸ்ட் ஆபீசுக்குப் போன் செய்து நாலாவது டெஸ்ட்டுக்கு நாள் வாங்கினாள். ரேஸ் ஞாயிற்றுக்கிழமை என்றால் டெஸ்ட் அதற்கடுத்த செவ்வாய். சேனாபதியிடம் சொல்லவில்லை. பின் தோட்டத்து மேப்பிள் மரத்தடியில் உட்கார்ந்திருந்த பிள்ளையாரிடம் மட்டும் சொன்னாள். அவர் கப்பலில் வரும்போது தும்பிக்கை நுனி உடைந்து வந்தவர். உடைந்த விக்கிரகம் பூஜை அறையில் கூடாது என்பதால் மரத்தடிக்கு வந்தவர். "பத்துச் சுத்தும் நிக்காம ஓட்டி முடிச்சேன்னா செவ்வாக்கிழமை போறேன் சாமி. பாதியில நின்னுட்டேன்னா இனிக் கார்ச் சாவியையே தொடமாட்டேன்." பிள்ளையாரிடம் பேரம் பேசுகிற வழக்கம் எங்கே போனாலும் நமக்கு விடுவதில்லை.

அதற்குப் பிறகு ஷெட் ஒரு மில் ஆகிவிட்டது. முதலில் பிளேடைக் கழற்றினாள். சேனாபதி பதறினான்.

"புல்லை என்ன பண்றது?"

"தள்ளற மோவர் ஒண்ணு வாங்கியாங்க. நீங்க தள்ளுங்க. தொப்பைக்கும் நல்லது."

என்ஜின் அடியிலிருந்த சின்னப் புல்லியை எடுத்துவிட்டு, லொரெய்னின் தம்பி கொடுத்த ஒரு செத்துப்போன பனி வாரும் மெஷினின் பெரிய புல்லியைப் போட்டாள். துளை பெரிதாக இருந்தது. உள்ளே புஷ் என்கிற உலோக வளையத்தை அடித்துச் சரி செய்தாள். கியர்ப் பக்கம் பெரியதை எடுத்துச் சின்னதைப் போட்டாள். பழைய பெல்ட் இப்போது எட்டவில்லை. புல்லிகளைச் சுற்றிப் பூக்கட்டுகிற நூலை ஓட்டி அளவெடுத்து, அந்த நூலைக் கொண்டுபோய் ஆட்டோ கடைக்காரன் மேஜைமேல் நீட்டி, இந்த நீளத்துக்கு ஒரு பெல்ட் கொடு என்றாள். எந்த வண்டிக்கு, எந்த வருஷத்து மாடல் என்று அவன் கேட்டான். நூலை மறுபடி நீட்டினாள். அவன் கொடுத்துவிட்டான்.

உயரமாக இருந்தால் திருப்பத்தில் கவிழும் என்று சீட்டின் கால்களை அறுத்து வண்டியைத் தரையோடு தரையாக்கினாள். பிரேக்குக்குப் புதுப் பட்டை போட்டாள். சேனாபதி ஒரு கையேடு வாங்கி வந்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவள் செய்து முடித்ததையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினான். முன்பு நடக்கிற வேகத்தில் போன வண்டி, ஜூலை மத்தியில் சைக்கிளை முந்தியது. ஆகஸ்டில் லொரெய்ன் தன் காரை வேலியோரம் கூடவே ஓட்டிப் பார்த்து, மணிக்கு இருபத்தெட்டு மைல் என்று கத்தினாள். சேனாபதி அன்று இரவு சாப்பாட்டில் மூன்று தடவை இருபத்தெட்டு, இருபத்தெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

பயிற்சி மேப்பிள் மரத்தைச் சுற்றித்தான். நல்ல அகலமான இடம், நடுவில் மரம், ரேஸ் ஓடுதளம் மாதிரியே நீள்வட்டம். தினம் சாயங்காலம் ஐம்பது சுற்று. வேகம் ஏற ஏற, திருப்பத்தில் வண்டி இடது பக்கமாகக் கவிழப் பார்த்தது. அதற்கு எடை வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த கிரைண்டரின் மோட்டார் முதல் மாதமே கரண்ட் ஒத்துக்கொள்ளாமல் கருகிப் போயிருந்தது. அதன் குழவி சும்மா கிடந்தது. நடுவில் துளையும் இருந்தது வசதியாகப் போயிற்று. குழவியை வண்டியின் வலது பக்கத்தில் போல்ட் போட்டு முடுக்கினாள். சீட்டை இரண்டு அங்குலம் வலது பக்கம் தள்ளி வைத்தாள். வண்டி தானாகவே வலப்பக்கம் இழுக்கும்படி, இடது பின் டயரில் காற்றைக் கூட்டினாள், வலதில் குறைத்தாள். அதன் பிறகு வண்டி மரத்தைச் சுற்றியது பார்க்கவே அழகாக இருந்தது. பிள்ளையார் தினம் ஐம்பது பிரதட்சிணம் வாங்கிக்கொண்டு கம்மென்று உட்கார்ந்திருந்தார். வண்டிக்கு நூற்றெட்டு என்று நம்பர் எழுதினான் சேனாபதி.

செப்டம்பரில் அந்த ஞாயிறு நல்ல வெயிலாக விடிந்தது. வண்டியை ஒரு வாடகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு, வெண்பாவைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு போனார்கள். சந்தை மைதானத்தில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி ஓடுதளம் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு ஹாட் டாக் வண்டி நின்றது. நாகலக்ஷ்மியோடு சேர்த்து ஆறு பேர்: ஒரு பிளம்பர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், ஒரு பல் டாக்டர், இரண்டு விவசாயிகள். சேனாபதி நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம் வைத்து, வண்டி நெற்றியில் குங்குமம் இட்டான். பல் டாக்டர் அதை மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தன் வண்டியின் முன்னால் ஒரு ஆப்பிளை வைத்தார்.

முதல் பயிற்சி ஓட்டத்துக்குக் கொடி காட்டினார்கள். வாத்தியார் கிளம்பினார், பிளம்பர் கிளம்பினார். நாகலக்ஷ்மி ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

எல்லோரும் இடது பக்கம் திரும்பினார்கள்.

"ஏனுங்க," என்றாள், இறங்கி வந்து. "இவங்க எல்லாரும் அப்பிரதட்சிணமாச் சுத்தறாங்க."

சேனாபதி ஓடுதளத்தைப் பார்த்தான். விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டான், பிறகு எதிர்ப்பக்கம் ஒரு வட்டம் போட்டான். அவன் முகம் மெதுவாக மாறியது. மூன்று மாசம், தினம் ஐம்பது சுற்று, குழவி, சீட்டு, டயர் எல்லாமே பிரதட்சிணத்துக்குச் செய்தது. மரத்தடியில் பிள்ளையார் இருக்கும்போது வேறு எப்படிச் சுற்றுவது என்று அவர்கள் இருவருக்கும் ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றாது.

லொரெய்ன் காபியோடு வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளுக்கே சங்கடமாகப் போயிற்று. இந்த நாட்டில் எல்லா ரேஸும் இடது பக்கம்தான், அது உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன் என்றாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கோடை முழுக்கப் பார்த்தாயே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று சேனாபதி கேட்டான். லொரெய்ன் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னாள்: நடுவில் உங்கள் சாமி இருந்தார், மத விஷயம், கேட்டால் தப்பாக நினைப்பீர்களோ என்று இருந்துவிட்டேன்.

ரேஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது. நாகலக்ஷ்மி ஸ்பானரை எடுத்தாள். டயர் சுலபம், இடதில் காற்றை இறக்கி, வலதில் கைப்பம்பால் அடித்தாள். குழவியைக் கழற்றினாள். இடது பக்கத்தில் மாட்ட அங்கே துளை இல்லை, துளைக்க மெஷின் இல்லை, கயிற்றில் கட்டினால் விதிமுறைக்காரர் விடமாட்டார். சீட்டும் வலது பக்கம் தள்ளியபடியே நின்றது. இருபத்தெட்டு மைல் வேகத்தில் இடது பக்கம் திரும்பினால் இந்த வண்டி வலது பக்கம் கவிழும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இடது பக்கம் என்ற சொல்லே போதும். சந்தி, லாரி, அட்டை எல்லாம் கண்முன் வந்தன. ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டாள்.

சேனாபதி அதைப் பார்த்துவிட்டான். அவள் தோளைத் தட்டினான்.

"உடு அம்மிணி. வண்டியை ஏத்திக்கலாம். ஊட்டுக்குப் போலாம். நானிருக்கறனில்ல."

நாகலக்ஷ்மி குழவியைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். ஆறு கிலோ. அவன் தள்ளாடிப் பிடித்துக்கொண்டான்.

"இதைப் புடிச்சுக்கிட்டு இருங்க," என்றாள். "எல்லாத்துக்கும் நீங்க இருக்க வேண்டாமுங்க."

கொடி விழுந்தது. எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கின. முதல் திருப்பத்தில் அவள் கிட்டத்தட்ட நடந்தே போனாள். ஐந்து பேரும் தாண்டிப் போய்விட்டார்கள். இரண்டாவது சுற்றிலும் கடைசி. இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் பாவம் செய்கிற மாதிரி இருந்தது. 'மன்னிச்சுக்கோ சாமி' என்று ஒவ்வொரு திருப்பத்திலும் கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை பரபரத்தது, ஹெல்மெட் தடுத்தது.

மூன்றாவது சுற்றில்தான் தலையைத் திருப்பி நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள். வைக்கோல், ஒரு ஹாட் டாக் வண்டி, கடுகுச் சாஸ் ஊற்றிக்கொண்டிருக்கும் ஒரு மனிதர். சாமி இல்லை. இந்த மனிதரை எந்தப் பக்கம் சுற்றினாலும் யாருக்கும் ஒரு தோஷமும் வராது. அவளுக்கு ஹெல்மெட்டுக்குள் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அடுத்த திருப்பத்தில் சீட்டின் இடது விளிம்புக்கு நகர்ந்து, வலது முழங்காலால் வண்டியைக் கவ்விக்கொண்டு, உடம்பு முழுவதையும் இடது பக்கம் வெளியே தொங்கவிட்டாள். குழவி செய்ய வேண்டிய வேலையை ஐம்பது கிலோ நாகலக்ஷ்மி செய்தாள். வண்டி கவிழவில்லை. காலை ஊன்றித் திரும்பியது.

ஐந்தாவது சுற்றில் ஒரு விவசாயியின் பெல்ட் அறுந்தது. அறுவதற்கு அரைச் சுற்று முன்பே அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது. ஏழாவது சுற்றில் அவளுக்கு முன்னால் போன பிளம்பர் திருப்பத்தில் வேகமாக நுழைய, அவர் வண்டி பம்பரமாகச் சுழன்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக அவளை நோக்கி உருண்டு வந்தது.

எதிரே வண்டி. இவள் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் டெஸ்ட்டில் வந்த அதே லாரிதான், உருவம் மட்டும் சின்னது. வலது கால் பிரேக்கின் மேல் போனது. கண் மூடப் பார்த்தது. மூடவில்லை. வைக்கோலுக்கும் அந்த வண்டிக்கும் நடுவே ஒரு சந்து தெரிந்தது. அது குறுகிக்கொண்டே வந்தது. அது எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று, மில்லில் பெல்ட்டுக்கு நடுவே கை விட்டு எடுக்கிற மாதிரி, அவளுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. 'இப்போ' என்றாள். வாய்விட்டே சொன்னாள். வைக்கோல் முழங்கையில் உரச அந்தச் சந்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

மீதி மூன்று சுற்றையும் அவள் எண்ணியது சுற்றுக் கணக்கில் அல்ல, திருப்பக் கணக்கில். சுற்றுக்கு நாலு. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. கோட்டைத் தாண்டியபோது நாலாவதாக வந்திருந்தாள். ஆறில் ஒருவர் பெல்ட் போனவர், இன்னொருவர் சுழன்று வைக்கோலுக்குள் போன பிளம்பர் என்பதால், முடித்தவர்களில் அவளே கடைசி. சேனாபதிக்கு அதெல்லாம் பொருட்டில்லை. குழவியைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வேலியோரம் பத்துச் சுற்றும் கூட ஓடியிருக்கிறான். சட்டை நனைந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவன் கண்ணில் தண்ணீர் நின்றது. அவளுக்கு அவன்மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது.

"செவ்வாக்கிழமை டெஸ்ட் இருக்குதுங்க," என்றாள்.

செவ்வாய்க்கிழமை அதே அதிகாரி. அவளைப் பார்த்ததும் சீட் பெல்ட்டை ஒரு தடவை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டார். அதே சந்தி வந்தது. "லெஃப்ட்" என்று மெல்லிய குரலில் சொன்னார். நாகலக்ஷ்மி நடுவில் போய் நின்றாள். ஒரு கார் போயிற்று, இன்னொன்று போயிற்று, தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. 'இப்போ' என்றாள். திரும்பினாள். திரும்பும்போது உடம்பு பழக்க தோஷத்தில் கொஞ்சம் ஜன்னல் பக்கம் சாய்ந்தது. அதிகாரி அதைக் கவனித்தார், ஏன் என்று கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுத் தாளைக் கொடுத்தார்.

அடுத்த வாரம் கோவிலில் பர்வதம் ஆண்ட்டி வழக்கம்போல் மைக் பிடிக்க வாயெடுத்தார். நாகலக்ஷ்மி முந்திக்கொண்டாள். "ஆண்ட்டி, அடுத்த சனிக்கிழமை நான் ஐசலின் போறேன். உங்களுக்கு ரைடு வேணும்னா வெக்கப்படாமக் கேளுங்க." ஆண்ட்டி கையிலிருந்த பிரசாதத் தொன்னையைக் கீழே வைத்தார். பிறகு, ரோஷக்காரரானாலும் நல்ல மனசுக்காரர், "எத்தனை மணிக்குடி?" என்றார்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை நர்சரியிலிருந்து மறுபடி போன் வந்தது. குழந்தைக்கு உடம்பு சுடுகிறது, அழைத்துப் போக முடியுமா? நாகலக்ஷ்மி சேனாபதியின் ஆபீசுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். "இரு அம்மிணி, நான் பர்வதம் ஆண்ட்டிக்கு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். "சரி. பார்த்துப் போ," என்றான்.

தெருமுனையில் வலது பக்கம் போனால் மூன்று திருப்பம் சுற்றி வரவேண்டும். இடது பக்கம் போனால் நேர் வழி. அவள் இடது பக்கத்து விளக்கைப் போட்டாள். எதிரே ஒரு கார் வந்தது. அதை விட்டாள். அடுத்தது வருவதற்குள் திரும்பினாள். ஏழு நிமிஷம் ஆயிற்று.

வெண்பா இன்னும் கோட்டைக்கூடப் போட்டு முடிக்கவில்லை. ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே. அம்மாவைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்பாவைக் காணோம், பர்வதம் ஆண்ட்டியையும் காணோம்.

"ஹூ ப்ராட் யூ, அம்மா?"

நாகலக்ஷ்மி மண்டியிட்டு அவளுடைய இன்னொரு கையையும் கோட்டுக்குள் விட்டாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு லேசாகத்தான் இருந்தது.

"யாரும் கூட்டியாரலை கண்ணு," என்றாள். "நானே வந்தேன்."